ஜப்பான் பொடி சோறு

மக்களே, ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரெண்டு மாசமா ஆளைக் காணோம். ஆனா ஞாயித்துக்கிழமைகள்ல சும்மா இல்ல. அனிமேல வர்ற சாப்பாட்டை வீட்டுல செஞ்சு பாத்துக்கிட்டிருந்தேன். சிரிக்காதீங்க.

'ஷொகுகெகி நோ சோமா'ன்னு ஒரு தொடர். இங்கிலீஷ்ல 'ஃபுட் வார்ஸ்'. 2012-ல காமிக்ஸா ஆரம்பிச்சு, 2015-ல அனிமேவா வந்துது. கதை யூட்டோ ட்சுகுடா, படம் ஷுன் சாயெகி. சமையல் குறிப்புக்குன்னே யூகி மொரிசாகின்னு ஒருத்தவங்க கூட இருந்திருக்காங்க. அதனால திரையில பாக்குற பல அயிட்டம் நம்ம அடுப்புலயும் வருது.

ஆரம்பத்துலயே ஒரு பரிட்சை வரும். எரினான்னு ஒரு பொண்ணு, நாக்கு பயங்கர துல்லியம், 'முட்டையில ஏதாச்சும் செய்'ங்கிறா. மத்தவனெல்லாம் ஓடிடுறான். சோமா மட்டும் நின்னு 'ஃபுரிகாகே கோஹன்' செய்றான். ஃபுரிகாகேன்னா சோத்து மேல தூவுறது, நம்ம பருப்புப் பொடி மாதிரி. கோஹன்னா சோறு. சாப்பாட்டுக்கும் அதே வார்த்தைதான்.

இதை ஏன் செஞ்சேன்னு சொல்லணும்ல. அம்மா போனப்புறம் அப்பாவை சென்னைக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். மனுஷனுக்கு சாப்பாடு இறங்கல. நான் சாம்பார் வச்சா "நல்லாருக்குடா"ம்பார், ரெண்டு வாய்க்கு மேல போகாது. கடையில வாங்குற மீன் குழம்புக்கும் அதே கதி. ஆறு மாசத்துல எட்டு கிலோ குறைஞ்சுட்டார். டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டு, உடம்புக்கு ஒண்ணுமில்லன்னுட்டார். தட்டுல எது விழுந்தாலும் அது அம்மா கைப்பக்குவத்தோட மோதணும். அதுல எவன் ஜெயிப்பான்? சரி, அம்மா செய்யவே செய்யாத ஒண்ணை வச்சா?

அரைக் கிலோ கோழி ரெக்கை. நம்ம கடைக்காரர் பழக்கதோஷத்துல தோலை உரிக்கக் கத்தியைத் தூக்குவார், "தோலோட குடுங்கண்ணே"ன்னு முன்னாடியே சொல்லிடணும். தோல்லயும் மூட்டுலயும்தான் சரக்கு இருக்கு. ஒரு லிட்டர் தண்ணி, ஒரு துண்டு இஞ்சி, சிறு தீயில ஒன்றரை மணி நேரம். அதுல இருக்குற கொலாஜன் ஜெலட்டினா மாறி தண்ணியில எறங்கும். மூணுல ஒரு பங்கா வத்தினதும் ரெண்டு ஸ்பூன் சோயா சாஸ், ஒரு சிட்டிகை சர்க்கரை. கறியைப் பிச்சுப் போட்டு ஃப்ரிட்ஜ்ல அஞ்சு மணி நேரம். கட்டியா உறைஞ்சிடும். சின்னச் சின்ன சதுரமா வெட்டிக்குங்க.

மே மாசம் சென்னையில இதை வெட்டுறது ஒரு தனி சாகசம். ஜெலட்டின் முப்பது டிகிரி தாண்டினாலே கரைய ஆரம்பிக்கும், நம்ம சமையல்கட்டே முப்பத்தஞ்சு. முட்டையை வெங்காயமில்லாத பொடிமாஸ் மாதிரி உதிர்த்து, பச்சரிசிச் சோத்தைக் குழைவா வடிச்சு, எல்லாம் தயாரா இருக்கும்போதுதான் ஃப்ரிட்ஜைத் தொறக்கணும்.

தட்டை வச்சேன். "என்னடா இது, ஐஸா?"ன்னார். சொல்லி முடிக்கல, கட்டியெல்லாம் ஆவி பறக்குற சோத்துல கரைஞ்சு எறங்குது. முட்டை பளபளன்னு ஆயிடுச்சு. அப்பா குனிஞ்சு பாத்தார். ஒரு வாய். இன்னொரு வாய். நான் ஃபோனைப் பாக்குற மாதிரி உக்காந்திருந்தேன். தட்டு காலி.

"எப்படிப்பா இருக்கு?"

"சுமார்."

தொடர்ல எரினாவும் அப்படித்தான், உள்ள சொக்கிப்போயி, வாயால 'நல்லால்ல'ன்னு ஃபெயில் போட்டுடுவா :-)

கை கழுவிட்டு வந்தவர் சொன்னார்: "உங்கம்மாவா இருந்தா இதுல மிளகு தட்டிப் போட்டிருப்பா." ஆறு மாசத்துல அவரா அம்மா பேச்சை எடுத்தது அதான் முதல் தடவை. அப்புறம் அரை மணி நேரம், அம்மா கல்யாணமான புதுசுல ரசத்துல உப்புப் போட மறந்த கதையெல்லாம் வந்துது. எனக்குத் தெரியாத கதை.

அடுத்த ஞாயிறு மிளகு தட்டிப் போட்டேன். ரெண்டு தட்டு.

டிஸ்கி: சைவ மக்கள் ஜெலட்டினுக்குப் பதிலா கடல்பாசி போடலாமான்னு கேப்பீங்க. வேலைக்காகாது. அது உருகறதுக்கு எண்பத்தஞ்சு டிகிரி வேணும், சோத்து மேல கல்லு மாதிரி குந்தியிருக்கும். வேற வழி தோணினா வந்து சொல்லிட்டுப் போங்க.