வராத பாகத்துக்கு முன்பணம்

வீடியோ கேம் என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்களில் நான் ஒருவன் அல்ல. நல்ல கேம் ஒன்றில் கதை இருக்கிறது, பாத்திரங்கள் இருக்கிறார்கள், விளையாடி முடித்த பிறகும் மனசில் தங்குகிறது. அதனால் காசு கொடுத்து வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. எந்த நேரத்தில் கொடுப்பது என்பதைப் பற்றித்தான் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை.

சில கேம்கள் மொத்தமாக வருவதில்லை. எபிசோடு எபிசோடாக, மாதக்கணக்கில் இடைவெளி விட்டு வருகின்றன. ஆனால் முதல் எபிசோடு வரும்போதே எல்லாவற்றுக்கும் சேர்த்து 'சீசன் பாஸ்' விற்பனைக்கு வந்துவிடும். தனித்தனியாக வாங்குவதைவிட அது மலிவு என்பார்கள். மலிவு என்றதும் கை தானாகப் பைக்குள் போகும். நிதானம் வேண்டிய இடம் அதுதான்.

கலிபோர்னியாவில் டெல்டேல் கேம்ஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. எபிசோடு வியாபாரத்தில் அவர்கள் பெரிய கை. 2012-ல் ஐந்து எபிசோடுகளாக வந்த 'தி வாக்கிங் டெட்' அவர்களுக்குப் பேரும் புகழும் சேர்த்தது. அதில் கிளமென்டைன் என்று எட்டு வயதுச் சிறுமி. பிணங்கள் எழுந்து நடமாடும் உலகில் பெற்றோரைப் பிரிந்து தனியாக நிற்கும் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுவது விளையாடுபவர் பொறுப்பு. அடுத்தடுத்த சீசன்களில் அவள் வளர்ந்தாள். அவள் கதையை முடித்துவைக்கும் கடைசி சீசன், மொத்தம் நான்கு எபிசோடுகள், 2018 ஆகஸ்டில் தொடங்கியது.

அந்த ஆண்டு செப்டம்பர் 21 அன்று நிறுவனம் சுமார் 250 பேரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டு, 25 பேரை மட்டும் வைத்துக்கொண்டது. நான்கே நாளில் இரண்டாவது எபிசோடு வெளியானது. ஒரு பக்கம் கடை மூடுகிறது, மறுபக்கம் சரக்கு வந்து இறங்குகிறது! மூன்றும் நான்கும் வருமா என்று சொல்ல ஆளில்லை. நான்குக்கும் முன்கூட்டியே பணம் கட்டியவர்கள் பாதிக் கிணற்றில் தொங்கினார்கள். பிறகு, மூலக்கதையை எழுதிய ராபர்ட் கிர்க்மனின் ஸ்கைபவுண்ட் நிறுவனம் பொறுப்பை ஏற்று, பழைய குழுவில் சிலரையே அழைத்து, 2019 ஜனவரியிலும் மார்ச்சிலும் மீதி இரண்டையும் கொண்டுவந்தது. கதை முடிந்தது, உண்மைதான். ஆனால் அது வாங்கியவர்களின் அதிர்ஷ்டம். அதே டெல்டேல் அறிவித்திருந்த வேறு கேம்களுக்கு அந்த யோகம் அப்போது வாய்க்கவில்லை.

டெல்டேல் நேற்று முளைத்த நிறுவனம் அல்ல என்பதையும் கவனியுங்கள். 2004-லிருந்து நடந்தது, பல சீசன்களைச் சொன்னபடி முடித்துக் கொடுத்தது. ஆக, நல்ல பெயர் மட்டும் ஜாமீன் ஆகாது.

பணபலமும் ஜாமீன் ஆகாது. வால்வ் நிறுவனத்துக்குப் பணத்துக்குப் பஞ்சமில்லை. 'ஹாஃப்-லைஃப் 2' கதையின் தொடர்ச்சியை மூன்று எபிசோடுகளாகத் தருவதாகச் சொன்னார்கள். 2006-ல் ஒன்று வந்தது. 2007-ல் இரண்டாவது வந்தது. அதன் முடிவில் அலிக்ஸ் என்ற பெண்ணின் கண்ணெதிரே அவள் தந்தை கொல்லப்படுகிறார். அவள் அழுகையோடு திரை இருட்டாகிறது. மூன்றாவது எபிசோடு இன்றுவரை வரவில்லை.

இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நான் சொல்லவருவது புரியும். வால்வ் கேமை வாங்கியவருக்கு ஏமாற்றம் இருந்தது. பண நஷ்டம் இல்லை. வந்த எபிசோடுக்குத்தான் காசு கொடுத்தார். டெல்டேலிடம் முன்பணம் கட்டியவரோ, தனக்கே தெரியாமல் அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர் ஆனார். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, திருப்பித் தரும் தேதி இல்லை. வங்கிக்காரர் அப்படிக் கொடுப்பாரா?

எங்கள் காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு வாரம் ஒருமுறைதான் காசு கொடுத்தோம். கல்கி 1954-ல் மறைந்தபோது 'அமரதாரா' பாதியில் நின்றது; அவர் மகள் ஆனந்தி அதை முடித்தார். முடிக்காமலே போயிருந்தாலும், வாரம் தவறாமல் கடையில் வாங்கியவர் படித்ததற்கு மட்டுமே காசு கொடுத்திருப்பார்.

எபிசோடு கேம் நடுவில் நிற்பதற்கு எல்லா நேரமும் வஞ்சகம் காரணம் அல்ல. கணக்கே அப்படி. முதல் எபிசோடை வாங்கியவர்கள்தான் இரண்டாவதை வாங்குவார்கள். அவர்களிலும் சிலர் விலகுவார்கள். ஆள் குறைந்துகொண்டே போகும், செலவு குறையாது. 2006-ல் 'சின் எபிசோட்ஸ்' ஒன்பது பாகம் என்ற திட்டத்தோடு வந்தது. முதல் பாகத்தோடு சரி; அடுத்த ஆண்டே அதைச் செய்த நிறுவனம் வேறொருவர் கைக்குப் போயிற்று.

பணம் திரும்பக் கிடைக்கும் என்று நம்பவும் வேண்டாம். ஸ்டீம் கடையின் பொது விதிப்படி, வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைக் கேட்கலாம். எபிசோடு நின்றுபோகும் செய்தி வருவதற்குள் அந்த 14 நாள் எப்போதோ கடந்திருக்கும்.

எல்லோரும் கடைசி எபிசோடு வரும்வரை காத்திருந்தால் கேம் செய்பவர் எப்படிப் பிழைப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் வந்ததை வாங்குங்கள் என்கிறேன். முதல் எபிசோடு தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் வாங்கலாம். பிடித்திருந்தால் அடுத்தது வந்ததும் அடுத்தது. மொத்தமாக மட்டும்தான் விற்போம் என்றால், முடியும்வரை பொறுக்கலாம். முடிந்த கேம் பெரும்பாலும் தள்ளுபடியிலும் வரும்.

அதையும் மீறி ஒரு படைப்பை ஆதரிக்க ஆசைப்பட்டால், தாராளமாகக் கொடுங்கள். 'கென்டக்கி ரூட் ஸீரோ' என்ற கேமை மூன்றே பேர் செய்தார்கள். ஐந்து அங்கங்களில் முதலாவது 2013-ல் வந்தது, கடைசி 2020-ல் வந்தது. ஏழு வருஷம்! தொடக்கத்திலேயே முழுப் பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு. அவர்கள் முட்டாள்கள் அல்லர். ஆனால் அப்படிக் கொடுக்கும்போது, இந்தக் காசு திரும்பாவிட்டாலும் பரவாயில்லை என்று மனசுக்குள் எழுதிவைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். போனால் வயிறு எரியும் தொகை என்றால், அது ஆதரவுக்கான பணம் அல்ல.

கையில் வந்ததற்குக் கொடுப்பது விலை. வரப்போவதற்குக் கொடுப்பது நம்பிக்கை. சீசன் பாஸ் இரண்டையும் ஒரே பில்லில் போட்டு நீட்டும். அதில் எவ்வளவு விலை, எவ்வளவு நம்பிக்கை என்று பிரித்துப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். கேமுக்கு மட்டுமல்ல, முன்பணம் கேட்கும் எல்லோரிடமும் இந்தக் கணக்கைப் போடலாம்.