திரும்பத் திரும்பச் சொன்னால் தப்பா? படத்திறப்புக்கு ஒரு மகள் எழுதிய இரண்டு பக்கம்

தமிழாசிரியர்களின் சிவப்பு மை எதற்கு அதிகம் செலவாகும் என்று கேட்டால், சந்திப்பிழைக்கு அடுத்த இடம் 'கூறியது கூறலு'க்குத்தான். பவணந்தி முனிவர் நன்னூலில் சொல்லும் பத்துக் குற்றங்களில் அதுவும் ஒன்று. ஆனால், தண்டியலங்காரத்தைப் புரட்டினால் கதையே வேறு. செய்யுளில் ஒரே சொல் மறுபடி மறுபடி வருவதை அது 'பின்வருநிலை அணி' என்று அழகுகளின் கணக்கில் சேர்க்கிறது. 350-வது குறளையே பாருங்கள். மொத்தம் ஏழு சீர். அதில் 'பற்று' ஆறு முறை வருகிறது. வள்ளுவர் தாளில் சிவப்பு மை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

குற்றமா, அழகா என்ற இந்த வழக்கு, திருவாரூர் பக்கம் ஒரு கிராமத்து வீட்டுத் திண்ணையிலும் நடந்தது. அப்பா இறந்து பதினைந்து நாள். மறுநாள் காரியம், படத்திறப்பு. சொந்தபந்தம் முன்னால் பேசுவதற்காக 26 வயது மகள் மொபைலில் இரண்டு பக்கம் தட்டி வைத்திருந்தாள். அதை வாங்கிப் படித்தவர் பெரியப்பா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தம்பியைப் பறிகொடுத்தவர்.

"'மிகவும்' ஒன்பது இடத்துல இருக்கும்மா. 'எங்களுக்காகவே வாழ்ந்தவர்' மூணு இடத்துல."

மகள் மறுபேச்சில்லாமல் அழித்தாள். கவனிக்காத நேரத்தில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் சொற்கள் இவை. முதல் தடவை சொன்னதற்கு மேல் மூன்றாவது தடவையில் எதுவும் சொல்லாது. இதில் பெரியப்பா பக்கம்தான் நியாயம்.

அடுத்து அவர் கை வைத்தது 'அப்பா'வில். "ஒரே பக்கத்துல பதினாலு அப்பா. நடுநடுவுல தந்தை, தகப்பனார்னு மாத்திக்கோ."

மாற்றிவிட்டு மகள் சத்தமாகப் படித்துப் பார்த்தாள். மூன்றாவது வரியில் 'தகப்பனார்' வந்ததுமே அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்: "யாருடி அது?"

பதினாலு அப்பாவும் திரும்பி வந்துவிட்டார்கள். கிரிக்கெட் செய்தியில் ஒரே ஆளைப் பெயர் சொல்லி, பிறகு 'வலதுகை ஆட்டக்காரர்', 'சென்னை வீரர்' என்று மாற்றி மாற்றி எழுதினால் மூன்று பேர் மட்டை பிடிப்பது போலத் தோன்றுமே, அதே கதைதான். மாற்றுச் சொல் வந்தால், புது ஆள் வந்துவிட்டதாகக் காது நினைத்துக்கொள்கிறது.

உண்மையான இழுபறி இரண்டாவது பக்கத்தில். அங்கே ஐந்து ராத்திரிகள். மகளின் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி. தம்பிக்கு டைபாய்டு வந்து உடம்பு கொதித்த ராத்திரி. 2018 நவம்பரில் கஜா புயல் ஓடுகளைப் பிய்த்து எறிந்த ராத்திரி. கொள்முதல் நிலையத்தில் கொட்டிய நெல் மழையில் நனையாமல் காவல் இருந்த ராத்திரி. சென்னை பஸ்ஸில் வரும் மகளுக்காக மூன்று மணிக்கு ரோட்டில் நின்ற ராத்திரி. ஒவ்வொன்றின் முடிவிலும் தனி வரியாக அதே இரண்டு சொல்: 'அப்பா முழிச்சிருந்தார்.'

கடைசியாக மருத்துவமனை ராத்திரி. 'அன்னைக்கு நாங்க எல்லாரும் முழிச்சிருந்தோம். அப்பா தூங்கினார்.'

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "'விழித்திருந்தார்'னு போடலாம்" என்றார்.

"அப்பா ஒருநாளும் விழித்திருந்ததில்லை பெரியப்பா. முழிச்சுத்தான் இருந்தார்."

அதை அவர் விட்டுவிட்டார். எண்ணிக்கையை விடவில்லை. ஐந்தாவது தடவை வரும்போது, அடுத்து என்ன வரும் என்று தெரிந்துபோய் சபை மொபைலை எடுத்துவிடும் என்றார். கடைசி வரி வந்து விழும்போது கேட்க ஆள் இருக்க வேண்டுமே. அதற்கு முன் வரும் வரிகள் ஓர் எழுத்துகூட மாறாமல் இருப்பதால்தான் அந்த ஒரு மாற்றம் நெஞ்சில் அடிக்கிறது. அளவு மீறினால் அடி பலிக்காது.

"தொல்காப்பியர் விரைசொல் அடுக்குக்கு மூணுதான் எல்லை வச்சார். பாம்பு பாம்பு பாம்புன்னு கத்தினா போதும்மா, நாலாவது தடவைக்குள்ள அது போயிடும்."

"அது சொல்லுக்குத்தானே பெரியப்பா? இது வாக்கியம்."

"கேக்குற காது ஒண்ணுதானே."

மூன்று வேண்டுமென்றால் இரண்டு ராத்திரிகள் போக வேண்டும். பரீட்சை ராத்திரியை மகள் சட்டென்று அழித்துவிட்டாள். அது எல்லா வீட்டிலும் நடப்பது. இன்னொன்று? புயலை எடுக்க முடியாது, ஊரே அதற்குச் சாட்சி. நெல்லை எடுத்தால் அப்பாவின் தொழிலே காணாமல் போகும். பஸ் அவளுடையது. டைபாய்டு தம்பியுடையது. முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த தம்பி, எப்போதோ அடுக்குவதை நிறுத்தியிருந்தான்.

அவள் விரல் பஸ் வரிமேல் போனது.

பெரியப்பா மொபைலை மெதுவாக வாங்கிக்கொண்டார். "நன்னூல் நாலு வரைக்கும் விடுது" என்றார். "நாலும் இருக்கட்டும்."

முற்றத்தில் நாற்காலி அடுக்கும் சத்தம் மறுபடி கேட்டது.