சேது என்று ஒரு அணி

எங்கள் கரையில் 'சேது' என்ற சொல்லைக் காதில் வாங்காமல் ஒரு நாள் போகாது. ராமநாதபுரத்தை ஆண்டவர்கள் சேதுபதிகள். சென்னைக்கு ராத்திரி ஏறும் ரயில் சேது எக்ஸ்பிரஸ். தோண்டுகிறோம் தோண்டுகிறோம் என்று சொல்லிப் பாதியில் விட்ட கால்வாய்க்கும் சேது சமுத்திரம் என்றுதான் பெயர். அதனால் 2019 மே மாதம் ஒரு நாள், "சேது ஜெயிச்சிருச்சு" என்று வாட்ஸப்பில் ஒரு படம் வந்தபோது ஏதோ படகுப் போட்டி என்றுதான் நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் கோப்பையைச் சுற்றிப் பெண்கள். கால்பந்து.

சேது எஃப்சி எங்கள் ஊர் அணி அல்ல, மதுரை அணி. ஆனாலும் பெயரில் ஒரு உரிமை இருக்கிறதே! அந்த மே 14ஆம் தேதி லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக் இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றார்கள். பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை வெல்வது என்றால் என்னவென்று ஆடியவர்களுக்குத் தெரியும். பயிற்சியாளரும் ஒரு பெண்தான், அம்ருதா அரவிந்த். நேபாளத்திலிருந்து வந்த சபித்ரா பண்டாரி அந்த அணியில் ஆடினார். கடலூர்க்காரர் இந்துமதி கதிரேசனும் ஆடினார். அவர் தமிழ்நாடு போலீசில் சப் இன்ஸ்பெக்டர்.

நானும் ஆடியவள்தான். தங்கச்சிமடம் பக்கம் பையன்கள் எந்நேரமும் பந்தோடு இருப்பார்கள். கோல் போஸ்டுக்கு இரண்டு ஐஸ் பெட்டிகள். மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவளுக்குப் பள்ளிக்கூடத்துக் கட்டாந்தரை பறப்பது மாதிரி இருந்தது. ஒன்பதாவது முடிந்த லீவில் மாவட்ட அணித் தேர்வுக்கு என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். ஏப்ரல் 15லிருந்து மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன, வீட்டில் கையில் காசில்லை. அம்மா பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அப்பா திட்டவில்லை, கோபப்படவில்லை. "தடைக்காலம் முடியட்டும் பாக்கலாம்" என்றார். முடிந்தது. படகு போனது, காசும் வந்தது. தேர்வு மட்டும் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

இதை நான் ஒரு சோகக் கதையாக வைத்திருக்கவில்லை. படித்தேன், மதுரையில் வேலை பார்க்கிறேன். ஆனால் அந்த வாட்ஸப் படத்தை இன்னும் அழிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன தடைக்காலத்தில் ஊருக்குப் போயிருந்தேன். இப்போதெல்லாம் அது 61 நாள். அண்ணன் மகளுக்குப் பதின்மூன்று வயது. இடது காலால் அடிக்கிறாள், பையன்கள் அவளை விட்டுவிட்டு டீம் பிரிப்பதில்லை. "அத்தே, சேதுல ஆடுறவங்க எல்லாம் நம்ம ஊர்க்காரங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப நான் போனா நான்தான் மொத ஆளா?" என்றாள். அவளுக்கும் ஒரு தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. மே கடைசியில்.

அண்ணன் வலையில் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிராமலே கேட்டான்: "ஆடுனா என்ன கெடைக்கும்?"

இதற்கு நியாயமாகப் பதில் சொல்வது கஷ்டம். சேது கோப்பை வென்ற அந்த 2019 லீக் மே 5இல் தொடங்கிப் பத்தே நாளில் முடிந்துபோன லீக். வருடத்தில் பத்து நாள் ஆட்டம், மிச்ச நாளெல்லாம் என்ன செய்வது? நெதர்லாந்தில் 2007இல்தான் பெண்களுக்கு லீக் தொடங்கினார்கள். ட்வென்டே போன்ற கிளப்புகளில் வாராவாரம் ஆடிப் பழகினார்கள். பத்து வருடத்தில் ஐரோப்பியக் கோப்பை. சேது கோப்பை வென்ற அதே 2019இல், ஜூலை 7 அன்று, உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அமெரிக்காவிடம் 2-0 என்று தோற்றார்கள். தோற்றாலும் இறுதிப் போட்டி. நம் பெண்களுக்கோ 2023-24 சீசனில்தான் சொந்த ஊரில் ஒன்று, எதிராளி ஊரில் ஒன்று என்று ஆடும் லீக் கிடைத்தது. அந்த ஏழு அணிகளில் சேதுவும் ஒன்று. அதற்கு முன்னால், 2022இல் புவனேஸ்வரத்தில், கடைசி ஆட்டம் வரைக்கும் தோற்காமலே வந்து கோகுலம் கேரளாவிடம் 3-1 என்று கோப்பையை விட்டிருந்தார்கள்.

அண்ணனுக்கு இது எதுவும் வேண்டாம், அவனுக்குத் தொகை வேண்டும். அதையும் சொன்னேன். கிளப்புகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது வருடத்துக்கு 3.2 லட்சம் கொடுத்தாக வேண்டும் என்று 2023இல் கால்பந்துச் சம்மேளனம் அறிவித்தது. விரல் விட்டுக் கணக்குப் போட்டான். "மாசம் இருபத்தாறாயிரத்துச் சொச்சம். அந்தப் பத்துப் பேர்ல ஒருத்தியா வந்தா."

"ஆமாண்ணே, வந்தா."

"வரலைன்னா?"

"இந்துமதி மாதிரி ஸ்போர்ட்ஸ் கோட்டால போலீஸ் வேலைக்குப் பாக்கலாம். அதுவும் எல்லாருக்கும் கெடைக்கும்னு சொல்ல மாட்டேன்."

பொய் சொல்லியிருக்கலாம். கோப்பை, விமானம், இந்திய ஜெர்சி என்று அடுக்கியிருந்தால் மதினி உடனே தலையாட்டியிருப்பார். ஆனால் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் படகை இறக்குகிற ஆளிடம் அப்படியெல்லாம் பேச முடியாது. கடலில் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டா டீசல் ஊற்றுகிறான் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் சொன்னான்: "தடைக்காலம் முடியட்டும், பாக்கலாம்."

அப்பாவின் அதே குரல். அவனுக்கே அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. தேர்வு நடந்த அந்த வருடம் அவனும் வீட்டில்தான் இருந்தான், திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"அது முடியிறதுக்குள்ள செலக்‌ஷன் முடிஞ்சிரும்ணே" என்றேன்.

வலை ஊசியைக் கீழே வைத்தான். வெளியே மணலில் பந்து ஐஸ் பெட்டியில் மோதும் சத்தம் கேட்டது, பின்னாலேயே பையன்கள் கோல் இல்லை என்று கத்தும் சத்தமும்.

"அவ பொறப்பு சர்டிபிகேட் எங்க இருக்குன்னு மதினிகிட்ட கேளு" என்றான்.