வேலப்பன்சாவடியில் வண்டியை ஓட்டியது யார்?

ஊர்ப் பெயரைத் தவிர மற்ற அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வக்கீல் தொழிலின் முதல் பாடம். ஆனால் இந்த வழக்கில் கட்சிக்காரர் என்னிடம் ரகசியமாகச் சொன்னது பின்னால் அவர் வாயாலேயே கோர்ட்டில் பதிவாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

2004 பங்குனி மாதம். விடியற்காலை ஐந்தரை மணி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில், திருவேற்காட்டுக்குத் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால், தண்ணீர் கேன் ஏற்றிவந்த மினி லாரி ஒன்று சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கொத்தனாரை இடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் இறந்துபோனார். வண்டியின் சொந்தக்காரர் தானே காவல் நிலையம் போய், "நான்தான் ஓட்டினேன்" என்று எழுதிக் கொடுத்தார். இந்திய தண்டனைச் சட்டம் 279, 304-ஏ. ஸ்டேஷன் ஜாமீன். ஏழெட்டு மாதத்தில் குற்றப்பத்திரிகை. இதில் என்ன இருக்கிறது எழுத என்று கேட்பீர்கள். பூந்தமல்லி கோர்ட்டில் வாரத்துக்கு இப்படி நாலு கட்டு புரளும்.

அடுத்த வருஷம் லெந்து தவக்கால நாட்களில் அந்த வண்டிச் சொந்தக்காரர் என் ஆபீசுக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, பையில் சின்ன பைபிள். சபையில் மூப்பர். வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு, "சார், குற்றத்தை ஒப்புக்கிறேன்னு சொல்லி முடிச்சிடலாம். உள்ள போகணும்னாலும் போறேன்" என்றார். உள்ளே போக அவசரப்படுகிற கட்சிக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. குமாஸ்தாவை டீ வாங்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். ஓட்டியது அவர் மகன். இருபத்திரண்டு வயது. லைசென்ஸ் கிடையாது. இவர் பக்கத்து சீட்டில் இருந்தார். இடித்த ஐந்தாவது நிமிஷம் பையனை ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, டிரைவர் சீட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். பையன் அரக்கோணத்தில் அத்தை வீட்டில் இருக்கிறான்.

"ஏசுநாதர் எனக்காக உயிரையே குடுத்தாரு சார். என் பிள்ளைக்காக நான் ஆறு மாசம் உள்ள இருக்கக் கூடாதா?"

நான் திருநீறு பூசுகிறவன். ஆனால் படித்தது மிஷன் பள்ளிக்கூடம். காலை வேதபாடத்தில் கேட்ட சொற்கள் இன்னும் காதில் இருக்கின்றன. கிருபாதார பலி, மீட்கும் பொருள், பிணையாளி, ஒப்புரவாக்குதல். சின்ன வயதில் எல்லாம் ஒரே பொருள் என்று நினைத்திருந்தேன். வக்கீலான பிறகு பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்துச் சொல். பலி என்பது கோயிலுக்குள் சொல்வது. மீட்பது அடிமைச் சந்தையிலோ அடகுக் கடையிலோ நடப்பது. பிணையாளி எங்கள் இடத்து ஆள். எபிரெயருக்கு எழுதிய நிருபத்தில் ஏசுவுக்கே அந்தப் பெயர் இருக்கிறது. பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தில் பவுல், ஓடிப்போன அடிமை வைத்த கடனைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்கிறார். நல்ல ஜாமீன்தாரர் பேச்சு அது.

அன்று பெரியவரிடம் நான் சொன்னது இதுதான். கடனை யார் வேண்டுமானாலும் கட்டலாம். அபராதம் ஆயிரம் ரூபாய் என்றால் அது யார் பணம் என்று பெஞ்ச் கிளார்க் கேட்கமாட்டார். ரசீது போட்டுக் கொடுப்பார். ஆனால் சிறைத் தண்டனையை இன்னொருவர் பெயரில் அனுபவிக்க முடியாது. அனுபவித்தால் அதுவே தனிக் குற்றம். உங்கள் வேதமும் அதைத்தான் சொல்கிறது. பிள்ளை செய்ததற்கு அப்பனைக் கொல்லக் கூடாது என்று உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் வருகிறது, எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்திலும் வருகிறது.

"அது மனுஷங்களுக்குச் சொன்னது சார்" என்றார் உடனே. நல்ல பதில். அப்போது எனக்கு மறுபேச்சு வரவில்லை.

வேறொன்று மட்டும் கேட்டேன். "இன்ஷூரன்ஸ்?" தலையைக் குனிந்துகொண்டார். லைசென்ஸ் உள்ளவர் ஓட்டினால் கொத்தனார் குடும்பத்துக்கான இழப்பீட்டை கம்பெனி கட்டும். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினால் சொந்தக்காரர் தலையில் விழும். முந்தின வருஷம் ஜனவரியில்தான் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருந்தது: லைசென்ஸ் கோளாறு என்றாலும் பாதிக்கப்பட்டவருக்கு கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று. ஆக, அந்தத் தியாகத்துக்குள் ஒரு பாலிசியும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்காக அவர் பிள்ளைப் பாசம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். மனுஷர்கள் எதையும் கலந்துதான் செய்கிறார்கள்.

அந்த வாரம் எனக்குச் சட்டப் புத்தகத்தைவிட இறையியல் புத்தகம்தான் அதிகம் ஓடியது. ஒன்று கவனித்தேன். சிலுவைக்கு விளக்கம் சொன்னவர்களில் எங்கள் ஜாதி, அதாவது வக்கீல் ஜாதி, கணிசம். 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேன்டர்பரி பேராயர் அன்செல்ம், கடவுளின் மகிமைக்கு மனிதன் கடன்பட்டான், அதைத் தீர்க்க மனிதனால் முடியாது, கடவுளால்தான் முடியும், ஆகவே கடவுள் மனிதனானார் என்றார். அவர் துறவி, ஆனால் வாதம் சிவில் வழக்கு. 16-ஆம் நூற்றாண்டில் கால்வின் வந்தார். ஓர்லியான்ஸிலும் பூர்ஷிலும் சட்டம் படித்தவர். அவர் கையில் கடன் குற்றமாக மாறியது. சிவில் கட்டு கிரிமினல் கட்டாயிற்று. நமக்குரிய தண்டனையை ஏசு அனுபவித்தார் என்றார். 1617-இல் ஹாலந்துச் சட்ட நிபுணர் ஹ்யூகோ குரோஷியஸ், கடவுளை வாதியாகப் பார்க்காதீர்கள், ஆட்சியாளராகப் பாருங்கள் என்று எழுதினார். ஆட்சியாளர் தண்டனையைத் தளர்த்தலாம், ஆனால் சட்டத்தின் மதிப்பு குறையக் கூடாது என்பது அவர் வாதம். அன்செல்முக்கு அடுத்த தலைமுறையிலேயே பிரான்சின் அபெலார்ட், இந்தக் கணக்கெல்லாம் எதற்கு, சிலுவையில் தெரியும் அன்பு மனிதன் மனதைத் திருப்புகிறது, அதுதான் மீட்பு என்றிருந்தார். இவர்களில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்?

நம் ஊரிலும் இரண்டு பேர் இருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவராகவும் சென்னை மேயராகவும் இருந்த சக்கரைச் செட்டியார் சட்டம் படித்தவர். கிறிஸ்தவத்துக்கு மாறியவர். சிலுவையையும் இந்தியச் சிந்தனையையும் சேர்த்து 1932-இல் ஒரு புத்தகமே எழுதினார். அவருடைய உறவினர் செஞ்சையா, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். தண்டனை எழுதிய அந்த நீதிபதி, பழைய கணக்கைத் தீர்ப்பதில் அழுத்தம் வைக்கவில்லை. மனிதன் புதுப் படைப்பாக மாறுவதில்தான் வைத்தார். நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தண்டனையால் என்ன ஆகிறது, என்ன ஆகவில்லை என்பது தெரியும்போலும்.

வாய்தா வந்தது. பெரியவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன்: பொய் என்று தெரிந்த ஒப்புதலை நான் கோர்ட்டில் வைக்கமாட்டேன், அதுதான் வேண்டுமென்றால் வேறு வக்கீலைப் பாருங்கள். அன்றைக்கு நேரம் கேட்டு மனுப் போட்டேன். வெளியே வந்தால், வராந்தாவில் கொத்தனாரின் மனைவி நிற்கிறார். முப்பது வயதுகூட இருக்காது. கையில் மஞ்சள் பை. பெரியவர் நேராகப் போய் அந்தப் பெண்ணின் காலில் விழப்போனார். அந்தம்மா இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டது.

"நீங்க எதுக்கு விழறீங்க? சாவடிக்கே தெரியும் யார் ஓட்டினதுன்னு. அவன் வந்து நிக்கட்டும்."

குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டுப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டது. குற்றப்பத்திரிகைக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெரியவர் மகனோடு வந்தார். அரசு வக்கீலிடம் பேசினோம். மேல்விசாரணைக்கு அவர்கள் மனுப் போட்டார்கள். கூடுதல் குற்றப்பத்திரிகை வந்தது. பையன் முதல் எதிரி. பொய்த் தகவல் கொடுத்ததற்காகவும், லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்ததற்காகவும் அப்பா இரண்டாம் எதிரி. இதற்கே ஒன்றரை வருஷம் ஓடியது.

சம்மன் வந்து இருவரும் ஆஜரான அன்று, அதே வராந்தா. பையன் போய் அந்தம்மா முன்னால் நின்றான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தம்மா திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டது.

"அவரு ஏதாவது சொன்னாரா?"

பையன் எச்சில் விழுங்கினான். "தண்ணி கேட்டாரு. கேனை எடுத்தேன். மூடியைத் திறக்கறதுக்குள்ள அப்பா என்னைப் போடான்னுட்டாரு."

அந்தம்மா பெரியவரைப் பார்த்தது.

"நான் குடுத்தேம்மா. ரெண்டு மடக்கு குடிச்சாரு" என்றார் அவர்.

அந்தம்மா தலையை ஆட்டியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றது. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பிறகும் சொன்னதாக எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு வருஷமாக அந்தக் குடும்பம் தேடியது இந்த இரண்டு மடக்குத் தண்ணீரைத்தான் என்று எனக்கு அப்போது பட்டது. பாதிச் செய்தி மகனிடம், பாதி அப்பாவிடம். ஒருவர் இன்னொருவருக்காக நின்றவரை அது வெளியே வரவே வழியில்லை.

பின்னால் ஓய்வுபெற்ற ஆயர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பெரியவர் அன்று என்னை மடக்கிய பதிலையும் சொன்னேன். அவர் சொன்னது: "உங்க கட்சிக்காரர் சிலுவையைத் தப்பான இடத்துல நட்டுட்டார். சிலுவையில தொங்கினது எதிரிக்காக வந்த மூணாம் ஆள் இல்லை. நஷ்டப்பட்டவரே கணக்கைத் தன் மேல எழுதிக்கிட்டார். அதைச் செய்ய உரிமை அவருக்குத்தான் உண்டு." சட்டத்திலும் அப்படித்தானே. சமாதானமாகப் போகக்கூடிய குற்றங்களில் சமாதானம் பேசும் உரிமை பாதிக்கப்பட்டவருடையது, எதிரியின் அப்பாவுடையது அல்ல. 304-ஏ பிரிவில் அதுவும் இருக்கவில்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரஹாம் ஸ்டெயின்ஸையும் பத்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகள் இருவரையும் வண்டியோடு எரித்தவர்களை அவருடைய மனைவி கிளாடிஸ் மன்னித்தார். வழக்கு நிற்கவில்லை. அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2011-இல் தாரா சிங்குக்கு ஆயுள் தண்டனை உறுதியானது. மன்னிப்பு கிளாடிஸ் கையில் இருந்தது, தண்டனை அரசின் கையில். இரண்டும் ஒன்றையொன்று இடிக்கவில்லை.

தமிழ் வேதாகமத்தில் மீட்புக்கு இருக்கிற சொற்களில் எனக்குப் பிடித்தது ஒப்புரவாகுதல். வள்ளுவரின் ஒரு அதிகாரத்தின் பெயரிலேயே இருக்கிற சொல் ஒப்புரவு. அங்கே ஊரோடு ஒத்து வாழ்ந்து உதவுவது. இங்கே பகை தீர்ந்து பக்கத்தில் வருவது. பலிக்கு ஒரு ஆள் போதும். ஒப்புரவாக இரண்டு பேர் எதிரெதிரே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். நன்னடத்தைச் சட்டத்தில் விடச் சொல்லிக் கேட்டேன். அரசு வக்கீல் 2000-ஆம் ஆண்டு தல்பீர் சிங் தீர்ப்பை எடுத்து நீட்டினார். வண்டியோட்டி உயிர் பறித்தவர்களுக்கு அந்தச் சலுகை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. மூன்று மாதம் சாதாரணச் சிறை. அப்பாவுக்கு அபராதம். 2007-இல் பையன் புழலுக்குப் போனான். மேல்முறையீடு வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான்.

இழப்பீட்டை கம்பெனி கொத்தனாரின் மனைவிக்குக் கட்டிவிட்டு, பெரியவர் மேல் வசூல் மனுப் போட்டது. மினி லாரியை விற்றும் போதவில்லை. மீதிக்கு மாதம் ஐயாயிரம் என்று தவணை பேசி முடித்தோம். கடைசித் தவணை 2011 ஜூனில் கட்டப்பட்டது. ரசீது என் கட்டில் இன்னும் இருக்கிறது. பணம் கட்டியவர் என்ற இடத்தில் மகன் பெயர் இருக்கிறது.