நாங்கள் வெள்ளை அடித்த நாலு வரி

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

2019 கடைசியில் நாடு முழுக்க இளம் பிள்ளைகள் பெயின்ற் வாளியோடு வீதிச் சுவர்களுக்கு வந்தது ஞாபகம் இருக்கும். கிண்ணியாவில் நாங்கள் மூன்று டீச்சர்மாரும் பாடசாலை மதிலைத் தரம் 10 பிள்ளைகளிடம் கொடுத்தோம். கடல், தோணி, பாலம், திருகோணமலைக் கோட்டை மான்கள் எல்லாம் வந்தன. ஒரு பிள்ளை மட்டும், "டீச்சர், எனக்குப் படம் கீற வராது. நான் எழுதின கவிதை நாலு வரி எழுதட்டா?" என்று கேட்டாள். "எழுது மகள்" என்றோம்.

எழுதி முடித்த பிறகுதான் வாசித்தோம். பத்து வயது வரைக்கும் கடலில் குளித்த தன் உடம்பு, பெரிய பிள்ளையான நாளிலிருந்து அந்தக் கடலை ஜன்னலால் மட்டும் பார்க்கிறது. இதுதான் விஷயம். கூடாத சொல் ஒன்றும் இல்லை. 'உடம்பு' என்ற சொல் இருந்தது, அவ்வளவுதான்.

எங்களுக்கு வேர்த்துவிட்டது. வீதியால் போகிறவர்கள் என்ன சொல்வார்கள்? நாளைக்கு ஒரு சம்பந்தம் பேச வந்தால்? அன்று பின்னேரமே மிச்சமிருந்த வெள்ளைப் பெயின்றை அந்த நாலு வரிக்கும் மேல் அடித்தோம். அதிபர் சொல்லவில்லை. பள்ளிவாசலில் இருந்து ஆள் வரவில்லை. பெற்றோர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்களாகவே அடித்தோம்.

இந்த விடுமுறையில் மூவரும் சேர்ந்து நமது பெண் கவிஞர்களை வாசித்தோம். 1986இல் யாழ்ப்பாணத்தில் 'சொல்லாத சேதிகள்' வந்தபோது, அதில் எழுதிய பெண்களில் மசூறா ஏ. மஜீட் என்று நம் பெயரொன்றும் இருந்திருக்கிறது. சாய்ந்தமருது அனார் 2009இல் தன் தொகுப்புக்கு 'உடல் பச்சை வானம்' என்றே பெயர் வைத்தார். நாங்கள் மதிலில் தாங்காத சொல் அங்கே அட்டையிலேயே இருக்கிறது. மட்டக்களப்பில் கமலா வாசுகி பெண்களின் உடலையும் துயரத்தையும் பல வருசமாக வரைந்து வருகிறார்.

பயம் பொய் என்று சொல்லவில்லை. ஏறாவூர் ஸர்மிளா ஸெய்யித் 2012இல் ஒரு வானொலி நேர்காணலில் சொன்ன கருத்துக்காக ஊரை விட்டே போகவேண்டி வந்தது. 2015இல் அவர் உயிரோடு இருக்கும்போதே கொல்லப்பட்டுவிட்டதாக வதந்தி பரப்பினார்கள். ஆனால் எங்கள் பிள்ளைக்கு எதிராக ஊர் எழும்பவே இல்லை. முதலில் எழும்பியது அவள் நம்பிக் கேட்ட டீச்சர்மார்.

வெட்கம் ஈமானில் ஒரு பகுதி என்று படிப்பிக்கிறவர்கள் நாங்கள். இன்றும் அதைத்தான் நம்புகிறோம். ஆனால் உடம்பை மூடுவது வேறு, உடம்புக்குள் இருக்கிற துக்கத்தை மூடுவது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்ததுதான் எங்கள் பிழை. எங்களில் ஒருவரின் கவிதைக் கொப்பி அலுமாரியில் சாரிகளுக்கு அடியில் 22 வருசமாகக் கிடக்கிறது. புருசனுக்கும் தெரியாது. இந்தப் பதிவோடு தெரியவரும்.

போன மாதம் அந்தப் பிள்ளையைக் கடைத்தெருவில் கண்டோம். "இப்ப எழுதுறியா மகள்?" என்று கேட்டோம். "இல்ல டீச்சர், விட்டுட்டேன்" என்று சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்க அந்த இடத்தில் வாய் வரவில்லை. அதனால் இங்கே கேட்கிறோம். அவளுடைய பெயரை எழுதவில்லை. வெளியில் வருவதா இல்லையா என்பதை இந்த முறை அவளே முடிவு செய்யட்டும்.

மதிலில் அந்த இடம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது மகள். நீ எழுத வருவதென்றால் பெயின்ற் நாங்கள் வாங்கித் தருகிறோம். ஆராவது கேள்வி கேட்டு வந்தால், அவர்களோடு கதைப்பதும் நாங்கள்தான்.