மணலில் பிடித்த லிங்கம்

ராமேஸ்வரத்தை எனக்குக் காட்டியது மலேசியாவின் போர்ட்டிக்சன் கடற்கரைதான். ஆடி அமாவாசை விடிவதற்குள் லிங்கித் தோட்டத்து லோரியில் ஏறிப் போவோம். அப்பத்தா அலை வந்து தொடும் இடத்தில் உட்கார்ந்து, ஈர மணலை அள்ளி உருட்டி, ஒரு லிங்கம் பிடிப்பாள். அப்பா எள்ளும் தண்ணீரும் இறைப்பார். "சீதையம்மா பிடிச்ச லிங்கமும் இம்புட்டுத்தான்யா" என்பாள்.

திருவாடானைப் பக்கத்துப் பிள்ளை அவள். கல்யாணத்துக்கு முன்னால் அவளுடைய அய்யா ராமேஸ்வரம் கூட்டிப் போயிருக்கிறார். அந்தப் பயணத்தை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கக் கதை சொன்னாள். முதலில் அக்கினி தீர்த்தக் கடலில் முங்க வேண்டும். பிறகு ஈரத்துணியோடு கோயிலுக்குள்ளிருக்கும் 22 தீர்த்தங்களிலும் குளிக்க வேண்டும். கடலுக்கு அத்தனை கிட்டே இருந்தும் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காது. கித்தா என்ற ரப்பர் மரம் வெட்டி, ஒட்டுப்பால் பொறுக்கி, கை கறுத்துப்போன பெண்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்பார்கள். பலர் ஊரை விட்டு வந்த பிறகு தோட்டத்துக் கோயிலைத் தவிர வேறு கோயில் பார்க்காதவர்கள்.

எங்கள் தாத்தாவுக்குத் திதி கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது லிங்கியிலிருந்து போனவர்களில் அவரும் ஒருவர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த 415 கிலோமீட்டர் பாதை அது. வெள்ளைக்காரக் கைதிகளைப் பற்றிப் படமும் புத்தகமும் வந்தன. காலராவிலும் மலேரியாவிலும் காட்டோடு போன பல்லாயிரம் தோட்டத் தமிழர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட ஒழுங்காக இல்லை. அது எனக்கு ஆறாத கோபம். எந்த மாதம், எந்த நாள் என்று சொல்ல ஆள் இல்லாததால் அப்பத்தா அமாவாசையைப் பிடித்துக்கொண்டாள். நாள் தெரியாமல் போனவர்களுக்கு அதுதான் நாள்.

ஆனால் போர்ட்டிக்சன் கடல் அவளுக்குப் போதவில்லை. "சேதுக்கரைத் தண்ணி பட்டாத்தான் அந்த மனுசன் தாகம் தீரும்" என்று காசு சேர்த்தாள். அப்போது ரஜுலா கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர், போர்ட் சுவெட்டன்ஹாம், பினாங்கு, நாகப்பட்டினம், மெட்ராஸ். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போகலாம். 1964 டிசம்பரில் ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. புயலில் தனுஷ்கோடி போய்விட்டது, பாம்பனிலிருந்து போன ரயில் ஆட்களோடு கடலில் மூழ்கிவிட்டது. மறுபடியும் ஒரு ரயில், மறுபடியும் திரும்பாத சனம். அதன்பின் அவள் கப்பல் பேச்சை எடுக்கவில்லை. 1973-இல் ரஜுலாவும் நின்றது. சேர்த்த காசு அப்பாவின் பள்ளிக்கூடக் கடனுக்கும் அத்தை கல்யாணத்துக்கும் போனது.

பல வருஷம் கழித்து நான் ராமேஸ்வரம் போனேன். பாம்பன் பாலம் தாண்டியபோது இரண்டு பக்கமும் கடலைப் பார்த்து அவளைத்தான் தேடினேன். கோயிலின் மூன்றாம் பிராகாரம் கண்ணுக்கு எட்டிய மட்டும் தூண்களாக நீள்கிறது. 1,200-க்கும் மேல் என்கிறார்கள். அந்த மணல் தீவில் கருங்கல் கிடையாது. சேதுபதிகள் காலத்தில் அத்தனை கல்லும் கடல் தாண்டி வந்திருக்கிறது. கிணற்று விளிம்பில் நின்று வாளியை இறக்கி, தலையில் ஊற்றி, அடுத்தவரை அழைக்கும் ஆட்களின் கை வேகம், விடியற்காலைத் தீம்பாரில் ஒரு மரம் முடித்து அடுத்ததற்கு ஓடும் பால்மரத் தொழிலாளியின் வேகம். தண்ணீரைச் சுவைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை.

கைலாசத்திலிருந்து லிங்கம் கொண்டுவரப் போன அனுமன் வரத் தாமதம். நேரம் தவறக்கூடாதென்று சீதை மணலில் பிடித்த லிங்கத்துக்கு ராமன் பூஜை செய்தான். அனுமன் வந்து வாலால் சுற்றி இழுத்தும் அது அசையவில்லை. அவன் மனம் நோகக்கூடாதென்று அவன் கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்குத்தான் இன்றும் முதல் பூஜை. சன்னிதியில் நின்றபோது லிங்கித் தோட்டத்து முனியாண்டி நினைவுக்கு வந்தார். மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம். கைலாசத்திலிருந்து யாரும் கொண்டுவரும்வரை காத்திருக்க எங்கள் சனத்துக்கு நேரமில்லை. கையில் கிடைத்ததை நட்டுக் கும்பிட்டார்கள். எங்கள் நாட்டில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கித்தா போய் செம்பனை வந்து, லயங்கள் இடிபட்டபோது இப்படிப்பட்ட கோயில்கள் எத்தனையோ இடம் பெயர்ந்தன. அவற்றைச் சின்னக் கோயில்கள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. ராமேஸ்வரமே அப்படிப் பிறந்த கோயில்தான்.

அக்கினி தீர்த்தக் கரையில் புரோகிதர் தாத்தாவின் திதியைக் கேட்டார். சயாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. ரயில் பாதையைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சொந்தம் இல்லாதவாளுக்கும் விடலாம். காருண்ய பித்ருக்கள்னு இருக்கு. யாராவது இருந்தா பேரைச் சொல்லுங்கோ" என்றார்.

போர்ட்டிக்சன் கரையில் மணலைப் பிடித்துக்கொண்டே அப்பத்தா ஒவ்வொரு வருஷமும் சொல்லும் பெயர்கள் எனக்கு மனப்பாடம். மேட்டு லயத்திலிருந்து ஆரம்பித்தேன்.