கூந்தன்குளம் தரும் நெருக்கம்

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்குக் கேமராவோடு போகிறவர்களை முதலில் திகைக்க வைப்பது, பறவைகள் மனிதரைக் கண்டு மிரளாததுதான். குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்ல, வீட்டுக் கொல்லை மரங்களிலும் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன. கீழே அன்றாட வேலை நடக்கிறது, மேலே தாய் நாரை குஞ்சுகளுக்கு மீனைக் கக்கிப் போடுகிறது. பறவைப் படத்துக்கு வேண்டிய நெருக்கத்தை லென்ஸ் தருவதில்லை, ஊர் தருகிறது என்பது இங்கே எனக்கு உறுதிப்படுகிறது. மனிதர் எவ்வளவு பக்கத்தில் வந்தால் பறப்பது என்பதைப் பறவை பட்டுத்தான் கற்கிறது. வேட்டை நடக்கும் ஏரியில் ஆள் தலை தெரிந்ததுமே எழும்பிவிடும் நாரை, இந்தத் தெருவில் அசையாமல் நிற்கிறது. தீபாவளிக்கும் வெடி போடாமல் ஊரே கட்டுப்பட்டிருப்பதன் பலன் அது. அரசு கூந்தன்குளத்தைச் சரணாலயமாக அறிவித்தது 1994இல்தான். ஊரின் காவல் அதற்கு வெகுகாலம் முந்தியது.

எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம், அந்த ஆதாயத்துக்குத்தானே காக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஆதாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து, மீன் ஊட்டி, பறக்கும் வரை வளர்த்துவிடுவதற்கு உரக்கணக்கு காரணமாகாது. அந்த வேலையை இங்கே மனிதர்கள் ஆண்டுக்கணக்காகச் செய்துவந்திருக்கிறார்கள். எந்த மரத்தில் எப்போது கூடு ஏறும், குளத்துக்கு வரும் மணிமுத்தாறு அணைத் தண்ணீர் தாமதமானால் எந்தப் பறவை வராது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். படக்காரர் முதலில் கற்க வேண்டிய பாடமும் அதுதான். நாரை காற்றுக்கு எதிராகத்தான் எழும்பும், இறங்கும். காலை வெயிலும் காற்றும் நம் முதுகுப் பக்கம் இருந்தால் அது நம்மை நோக்கி வரும். பறக்கப்போகிற பறவை கழுத்தை நீட்டி உடலைத் தாழ்த்துவதைக் கண்டுகொண்டவருக்கு ஷட்டரை அழுத்தும் நொடி தானாகப் பிடிபடும். பார்க்கப் பழகாதவர் கையில் எத்தனை விலையுயர்ந்த கேமராவும் ஆயிரம் படம் எடுத்து ஒன்றுக்கும் உதவாமல் போகலாம்.

நீண்ட லென்ஸால் தூரத்திலிருந்து எடுக்கிறோம், பறவைக்கு என்ன கெடுதல் என்ற வாதம் பாதிதான் சரி. தூரத்தை மீட்டரில் அளப்பது போதாது, பறவையின் நடத்தையில்தான் அளக்க வேண்டும். உச்சி வெயிலில் தாய் நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கிறது. அதை எழுப்பிவிட்டால், இறகு முளைக்காத குஞ்சு சில நிமிடங்களில் வெயிலில் வாடத் தொடங்கும்; காகமும் பருந்தும் அந்த இடைவெளிக்காகவே காத்திருக்கும். பறக்கும் படம் வேண்டுமென்று கை தட்டுவதையும் கல் எறிவதையும் கலையோடு சேர்க்க என் மனம் ஒப்பவில்லை.

படங்கள் இல்லாவிட்டால் நகரத்துப் பிள்ளைகளுக்குப் பறவை மேல் ஆசை எப்படி வரும் என்ற கேள்வியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். வரும் ஆசையில் பெரும்பங்கு படத்தால்தான் வருகிறது. ஆனால் எந்தப் படத்தால்? காட்டுயிர்ப் படக்காரரும் எழுத்தாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996) கடைசிவரை கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். வண்ணக் கவர்ச்சி இல்லாத அந்தப் படங்கள் மதிக்கப்படுவதற்குக் காரணம், எடுத்தவர் எழுதத் தெரிந்த அளவுக்குக் கவனிக்கவும் தெரிந்தவர் என்பதே. நீர், மரம், கூடு எல்லாவற்றையும் வெட்டியெறிந்து கண்ணையும் அலகையும் மட்டும் காட்டும் இன்றைய படங்களில் பறவை எங்கே வாழ்கிறது என்பதே தெரிவதில்லை. கூந்தன்குளத்தில் எடுக்கப்படும் படங்களில் தேதியும் மரமும் நீர்மட்டமும் சேர்ந்து பதிவானால், எந்த ஆண்டு எந்த மரம் கைவிடப்பட்டது என்பதைப் பின்னால் பார்த்துச் சொல்ல முடியும். அவற்றின் பிரதியொன்று ஊரிலேயே, பறவைக் காவலர்களும் பள்ளிப் பிள்ளைகளும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். குளம் வறண்டு நாரைகள் வராத ஆண்டில் படக்காரர்களும் வருவதில்லை. அந்த ஆண்டுக்கான பதிவை ஊர்க்காரர்கள்தான் எழுத முடியும்.